கடவுச்சீட்டில் இல்லாத பெயர்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கணவரின் உதட்டைச் சாரதாதேவி ஈரப்பஞ்சால் நனைத்தாள். ஸ்ரீபனுக்கு இன்றோ நாளையோ என்று மருத்துவர் காலையிலேயே கையை விரித்துவிட்டார். மனுஷனுக்கோ அந்தக் கவலையே இல்லை. கிரிகோரியின் சொந்தப் பெயர் என்ன என்பதுதான் கவலை.

நாற்பது வருடங்களுக்கு முன், வெளிநாட்டுக்கு அகதிகளாக வந்த புதிதில், லாச்சப்பலில் ஓர் அறைக்குள் ஸ்ரீபனோடு சேர்த்துப் பதினொரு பேர் கிடந்தார்கள். ஹீட்டர் இல்லை. முதல் குளிரிலேயே ஒருவன் நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டான். கிரிகோரி என்பது அவன் வந்த கள்ளப் பாஸ்போர்ட்டின் பெயர். பொலிஸ் கேட்டால் நாக்குத் தடுமாறக் கூடாதென்று அறைக்குள்ளும் அப்படியே கூப்பிட்டுப் பழகி, கடைசியில் அதே பெயரில், சிலுவையும் நட்டு, ஒரு சைவப் பொடியனைப் புதைத்துவிட்டார்கள்.

பிறகு ஸ்ரீபன் மொர்மன் என்ற கிறிஸ்தவச் சபையில் சேர்ந்தார். அந்தச் சபையின் முன்னோர்கள் துரத்தப்பட்டு, மிசூரி ஆற்றங்கரையில் மரக்குடிசை போட்டுக் குளிர்காலத்தைக் கழித்தவர்கள். நூற்றுக்கணக்கில் அங்கே செத்தார்கள். அவர்களின் பெயர்களை இடுகாட்டில் பொறித்திருக்கிறார்கள் என்று கேட்ட நாளிலிருந்து அவருக்கு மனம் ஆறவில்லை.

"எங்கடை குளிருக்குச் செத்தவனுக்குப் பேர்கூட இல்லையப்பா" என்பார் மனைவியிடம்.

பெயர் தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள், அதே அறையில் இருந்த தில்லையம்பலம். வேதம் மாறினவனோடு பேச்சில்லை என்று முப்பது வருடமாகப் பக்கத்து ஊரான ஓல்னேயில் முறுக்கிக்கொண்டிருப்பவர். போய்க் கேட்க இவருக்கும் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. சாரதாதேவிதான் நேற்று, கணவருக்குச் சொல்லாமல், போன் எடுத்தாள்.

மத்தியானம் தில்லையம்பலம் மூச்சு வாங்க வந்து கட்டிலருகே இருந்தார். சுகம் விசாரிக்கவில்லை.

"அவன்ரை பேர் தவலிங்கமடா. ஊர் கரணவாய். தாய்க்கு நான்தான் கடிதம் போட்டனான்."

"தவலிங்கம்" என்றார் ஸ்ரீபன். இன்னொரு தரமும் சொல்லிப் பார்த்தார். முகம் தெளிந்தது. பின்னேரம் மூச்சு அடங்கிவிட்டது. சாரதாதேவிக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாக நிம்மதி வந்தது.

இறுதி ஆராதனையில், சபைச் சகோதரி ஜிஸ்லேன் இரண்டு பெயர்களும் எழுதிய தாளோடு வந்து எந்தப் பெயரை முதலில் வாசிப்பது என்று கேட்டாள். முந்திப் போனவரின் பெயரைத்தான் என்றாள் சாரதாதேவி.

தவலிங்கத்தின் பெயரை ஜிஸ்லேன் வாசித்தாள். பின்வரிசையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. இந்த வாசலை மிதிக்கவே மாட்டேன் என்றிருந்த தில்லையம்பலம் எழுந்து நின்றார். சாரதாதேவியும் எழுந்தாள். விஷயம் தெரியாத சபையார் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக எழுந்தார்கள்.