பின்பக்கத்துப் பொட்டு

ஆட்டத்தின் நடுவே என் கணினி தானாக அணைந்து எழும் ஒவ்வொரு முறையும் என் மனைவி செண்பகாவுக்கு எங்கள் கல்யாண வாழ்க்கையில் ஒரு வருடம் மறந்துபோகிறது. கல்யாணமாகி ஐந்து வருடம். இன்று காலையிலிருந்து நான்கு முறை அணைந்துவிட்டது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் கோபம் வராமல் இருக்குமா? நான் என்ன அணுகுண்டா செய்தேன்? கோட்டையின் பதினோராவது வாசலைத் திறக்கப் போனேன். சாவியைத் துவாரத்தில் வைத்தால் போதும், திரை கறுத்துவிடுகிறது.

முதல் முறை அணைந்தபோது ஜன்னல் திரைச்சீலையைக் காட்டி, "இது எப்ப வாங்கினது?" என்றாள். இரண்டாம் முறை, இறந்துபோன தன் அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் எடுத்தார். நன்றாகவே பேசினார். மூன்றாம் முறை, சாம்பாரில் உப்பு கூடியதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான்காம் முறை, என்னை "யோவ்" என்று கூப்பிடுகிறவள் தலையைக் குனிந்துகொண்டு "என்னங்க" என்றாள்.

ஆடாமல் இருக்கலாமே என்பீர்கள். ஏன் இருக்க வேண்டும்? அது என் கணினி. அவள் என் மனைவி. பழுதுபார்க்க ஜெபராஜைக் கூப்பிட்டேன்.

அவர் திருப்புளியை எடுக்கும் முன் ஒரு படிவத்தை எடுத்தார்.

"கேம் ஆடும்போது மட்டும்தான் ரீஸ்டார்ட் ஆகுதா?"

"ஆமா."

"டைப் அடிக்கும்போது?"

"ஆகாது."

"மிச்சம் எத்தன வருஷம் இருக்கு?"

"ஒண்ணு."

"வாரண்டியா?"

"கல்யாணம்."

எழுதிக்கொண்டார். பிறகு பெட்டியைப் பின்பக்கமாகத் திருப்பினார். விசிறியின் துளைகள் மேல் ஐந்து ஆயுத பூஜைகளின் சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தன.

"யாரு சார் இங்க பொட்டு வெச்சது?"

"நான்தான். முன்னாடி கண்ணாடி. கறை பட்டுடும்."

"சூட்டுக் காத்து வெளிய போற வழி சார் இது. கேம் போட்டா சூடு ஏறும். ரொம்ப ஏறினா அதுவே அணஞ்சிக்கும்."

வருடத்துக்கு ஓர் அடுக்காகச் சுரண்டினார்.

"இப்ப ஆடிப் பாருங்க. சரியாயிடுச்சான்னு வேற எப்படித் தெரியும்?"

கையெழுத்து வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார். பொறுப்பில்லாத மனிதர்.

ஒரே ஒரு வருடம்தான் பாக்கி. ஆனாலும் பழுதுபார்த்த பொருளை வெறுமனே இயக்கிவிட முடியுமா? சந்தனம் குழைத்து எடுத்துவந்தேன். கண்ணாடியில் வைக்க மனம் வரவில்லை. பழைய இடத்திலேயே தாராளமாக அப்பிக் குங்குமம் வைத்தேன். உட்கார்ந்து ஆடினேன். பதினோராவது வாசல் வந்தது. சாவியைத் துவாரத்தில் வைத்தேன்.

திரை கறுத்தது.

கூடத்திலிருந்து பஜ்ஜி வாசனை வந்தது. எழுந்து போனேன். சோபாவில் மாமனார் உட்கார்ந்திருந்தார். பெண் பார்ப்பது பெண் வீட்டில்தான் நடக்கும். ஆகவே இது இப்போது அவர் வீடு. என் வீட்டில் என்னைப் பார்த்து, "வாங்க, கூச்சப்படாம உக்காருங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செண்பகா காபித் தட்டோடு வந்து என்னை முதல்முறையாகப் பார்த்தாள்.

"தனியாப் பேசணும்னா பேசிக்கோங்க" என்றார் மாமனார்.

அறைக்குப் போனோம். அவள் கணினியைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"பொட்ட இங்கயா வெப்பாங்க?" என்று முந்தானையால் துளைகளை அழுத்தித் துடைத்தாள்.

"செண்பகா, நான்தான்."

"நான்தான்னா யாரு?"

ஐந்து வருடத்தை எங்கிருந்து தொடங்குவது? "மாப்பிள்ளை" என்றேன்.

"அத அப்பா சொல்லணும்."

கூடத்தில் அப்பா சொன்னார். "கலந்து பேசிட்டு, சொல்லி அனுப்புறோம்."

பிடிக்கவில்லை என்பதை இப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? என் செருப்பை மாட்டிக்கொண்டு என் வீட்டை விட்டு வெளியே வந்தேன். உள்ளே தாழ் போட்டார்கள். இது அநியாயம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அறைக்குள் ஆட்டம் தொடங்கும் இசை கேட்டது. கதவில் காதை வைத்தேன். துவாரத்தில் சாவி திரும்பியது. காத்திருந்தேன். பதினோராவது வாசல் கிறீச்சிட்டுத் திறந்தது. செண்பகா கைதட்டிச் சிரித்தாள்.

கணினி அணையவில்லை.