பாபு காலி செய்த வீடு

உட்கார இடம் கிடைத்தும் தோள்வலி உட்காரவில்லை. பூந்தமல்லியில் பஸ் மாறியதிலிருந்து இருதயசாமி வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் மேட்டுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். கழுத்தடியில் ஆரம்பித்து முழங்கை வரைக்கும் நெருப்பு இறங்கிக்கொண்டிருந்தது.

கிண்டியில் ஒரு ஃபவுண்டரியில் அவனுக்கு வேலை. உருக்கிய இரும்பை லேடில் என்கிற பிடிபோட்ட கொப்பரையில் ஏந்தி, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவன் தூக்கிக்கொண்டு போய் அச்சில் ஊற்ற வேண்டும். முன்னால் போகிறவனுக்கு வலது தோள் கெடும், பின்னால் வருகிறவனுக்கு இடது தோள் கெடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இருதயசாமி ஆறு வருஷமாக முன்னால் போகிறவன். சூப்பர்வைசருக்கு வலி தெரிந்தால் மண் கூட்டுகிற வேலைக்குத் தள்ளிவிடுவான் என்று வாயைத் திறக்காமல் இருந்தான். அதற்கு மேல், ஸ்டிரைக் முடிந்ததிலிருந்து புது சட்டம் வேறு. சொல்லாமல் ஒருநாள் நின்றால் மறுநாள் கேட்டுக்கு வெளியே.

பக்கத்தில் ரோஸி. அவள் மடியில் மூன்று வயது சகாயம், வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினாள். பிள்ளையின் நெஞ்சுக்குள் எதையோ உரசுகிற மாதிரி ஒரு சத்தம். போன வருஷ வெள்ளத்தில் சைதாப்பேட்டை ஆற்றோரம் அவர்கள் குடிசைக்குள் தண்ணீர் ஏறி, வடிந்து, சுவர் இன்னும் காயவில்லை. அந்த எழுபத்தேழாம் வருஷத்தில் அங்கே யார் சுவர்தான் காய்ந்தது. டிஸ்பென்சரி டாக்டர் அம்மா பிள்ளையின் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, அந்த ஈரத்தில் இன்னொரு மழைக்காலம் படுக்கவைத்தால் தன்னிடம் கொண்டுவராதீர்கள் என்று சொல்லிவிட்டாள். இப்போது ஆவணி. ஐப்பசிக்குள் வேறு இடம் பார்த்தாக வேண்டும். கிண்டிக்கு ஏழு மணி ஷிப்டுக்கு வந்து சேருகிற தூரத்திலும் இருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் போய்ப் பார்த்தார்கள். மலையடிவாரத்தில் ஓட்டு வீடு, நல்ல கிணறு, வாசலிலேயே பஸ். வீட்டுக்காரர் பேரைக் கேட்டார். பேரைக் கேட்டதும் சொந்த ஊரைக் கேட்டார். ஊரைச் சொன்னதும் ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். தெருவைச் சொன்னதும், நேற்றுதான் வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாக ஞாபகம் வந்தது அவருக்கு.

லேடிலில் அவனுக்குப் பின்கை பிடிக்கிற மாரிதான் இந்த வீட்டைச் சொன்னான்.

"ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரகடம் ரோட்ல சவேரியார் காலனின்னு ஒண்ணு கீது. அல்லாம் உங்க ஆளுங்கதான். கோயில் நெலம். வாடகை பேருக்குத்தான். வூடு ஒண்ணு சும்மா கீது."

"சும்மா ஏன் கீது?"

"போய்ப் பாரு. எனக்கு இன்னா தெரியும்," என்று சொல்லிவிட்டு மாரி பீடி பற்றவைக்கத் திரும்பிக்கொண்டான்.

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி இரண்டு மைல் நடை; அந்தப் பக்கம் பஸ் விடிகாலையும் சாயங்காலமும்தான். செம்மண்ணும் சரளையும் கலந்த ரோடு. வற்றிப்போன ஏரிக்குள் மாடுகள் நின்றன. பாதி தூரத்தில் கோயில் மணி கேட்டது. ஒன்று அடித்து, நின்று, வெகு நேரம் கழித்து இன்னொன்று. சாவு மணி. ரோஸி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நல்ல நேரத்துக்குக் கூட்டியாந்தேய்யா," என்றாள்.

காலனி முனையில் ஒரு பெண் குடத்தோடு எதிரே வந்தாள். லூர்தம்மாள் என்று பேர் சொன்னாள். காலியாக இருக்கிற வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது.

"நாட்டாமையைப் பாக்கணுமா? அவுரு கல்லறைத் தோட்டத்துல கீறாரு. அருளப்பன் மாமா விடிகாலைல செத்துப் பூட்டாரு." பேசிக்கொண்டே அவள் இருதயசாமியின் முகத்தை விட்டுவிட்டு அவன் கைகளைப் பார்த்தாள். சந்தையில் மாடு பார்க்கிற பார்வை. "வூடு கேட்டுத்தானே வந்தே? அப்ப நீயும் அங்கியே போப்பா. நீ வாம்மா, வூட்டைக் காட்றேன். பாப்பாவ இப்பிடிக் குடு."

கல்லறைத் தோட்டம் காலனிக்குப் பின்னால், வேலிகாத்தான் முள்ளுக்கு நடுவே இருந்தது. மூன்று பேர் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் ஆழம்தான் போயிருந்தது. கரையில் நின்ற ஐம்பது வயதுக்காரர் நாட்டாமை கிறிஸ்துதாஸ். கல்குவாரியில் கல் உடைக்கிறவர், விரல்களும் கல்லாகிக் கிடந்தன. இருதயசாமி வந்த விஷயத்தைச் சொன்னான். அவர் ஊரையும் கேட்கவில்லை, தெருவையும் கேட்கவில்லை.

"கடப்பாரை புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேன்."

"அப்ப புடி."

சட்டையைக் கழற்றி வேலிமேல் போட்டுவிட்டு இறங்கினான். முதல் குத்திலேயே கடப்பாரை சுக்கான் கல்லில் பட்டு எகிறியது. வலி தோளிலிருந்து காதுக்குள் ஏறியது. இரண்டாவது குத்தை இடது கையை மேலே வைத்துக் குத்தினான்.

குழிக்குள் இருந்த சின்னப்பையன், பேருக்குத்தான் சின்னப்பையன், தலை நரைத்தவன், மண்ணை வாரிப் போட்டுக்கொண்டே சொன்னான்: "இன்னா நைனா, சோறும் இடது கையிலதானா?"

"பழக்கம் அப்பிடி."

"பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலியா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். இருதயசாமியும் சிரித்து வைத்தான். தோளைப் பற்றித் தெரிந்தால் வீட்டுச் சாவி கிடைக்காது என்று பட்டது. ஏன் அப்படிப் பட்டது என்று கொஞ்ச நேரத்தில் புரிந்தது.

இடுப்பளவு ஆழத்தில் தண்ணீர் குடிக்க நின்றபோது நாட்டாமை கட்டுப்பாட்டைச் சொன்னார். முன்காலத்தில் ஊருக்குள் எவன் செத்தாலும் குழி வெட்ட இந்த ஜனத்தைத்தான் கூப்பிடுவார்கள். மரக்கால் நெல்லும் ஒரு வசவும் கூலி. கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து இங்கே குடியேறியபோது அவருடைய அப்பாவும் மற்றவர்களும் கோயிலுக்குள் சத்தியம் செய்தார்கள். இனி நம்மில் எவனும் கூலிக்குக் குழி வெட்டக்கூடாது. நம் சாவுக்கு நாமே வெட்டிக்கொள்வோம், வீட்டுக்கு ஒரு ஆம்பளை, முறை வைத்து.

"நல்ல கட்டுதாங்க," என்றான் இருதயசாமி. மனசாரத்தான் சொன்னான். அவனுடைய தாத்தா அந்த மரக்கால் நெல்லுக்கு வெட்டியவர்.

"முறை வந்தவன் வரணும். காசு குடுத்து வேற ஆள் வெக்கக்கூடாது. வெச்சா அவன் கூலிக்கு வெட்டினவனாயிடுவான், பாரு. அத்துக்குத்தான் சத்தியமே."

"முறை வேலை நாள்ல வுயுந்துட்டா? நான் கிண்டிக்குப் போறவன். மொத பஸ்ல போனா இருட்டிதான் வருவேன்."

சின்னப்பையன்கூடப் பகடியை நிறுத்திவிட்டு மண்ணைப் பார்த்தான். நாட்டாமை செம்பைக் கீழே வைத்தார்.

"பாபுவும் அப்பிடித்தான் சொன்னான்."

பாபு அந்த வீட்டில் முன்பு இருந்தவன். அம்பத்தூரில் கம்பெனி வேலை. வந்த இரண்டு வருஷத்தில் மூன்று தடவை அவன் முறை வந்தது. மூன்று தடவையும் வேலை நாள். மூன்று தடவையும் ஐந்து ரூபாய் கொடுத்தனுப்பினான். அந்தக் காசைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டார்கள், குழி அவன் பேரில் கடனாக நின்றது. போன சித்திரையில் பாபுவின் பிள்ளை செத்தது. ஒன்றரை வயசு, ஆண். காலனி முழுக்க வந்தது. ஜெபம் சொன்னார்கள், கஞ்சி காய்ச்சினார்கள், பெட்டி செய்தார்கள், பூ வாங்கினார்கள். கடப்பாரையை மட்டும் யாரும் தொடவில்லை.

"யார் வெட்டினது?"

"அவனும் அவன் பொண்டாட்டியும். கம்பெனிக்காரன், அவனுக்கு வெட்டத் தெரியல. பாறை வந்துது. சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு, முயங்கால் ஆயத்துலயே வெச்சுட்டாங்க. அந்த மாசமே வூட்டைக் காலி பண்ணிட்டாங்க."

சின்னப்பையன் கையை நீட்டினான். இவர்கள் வெட்டுகிற குழிக்கு ஐந்தடி தள்ளி ஒரு சின்ன மேடு. அதன்மேல் கல்லாக அடுக்கியிருந்தது. ஒவ்வொரு கல்லும் ஒரு ஆள் தூக்கமுடியாத கல்.

"நரி தோண்டுதுன்னு அப்பாலிக்கு நாங்கதான் கல்லு போட்டோம்," என்றான். "கல்லுக்குக் கட்டு இல்ல."

நாட்டாமை இருதயசாமியைப் பார்த்தார். அந்த முகத்தில் கெட்டது ஒன்றும் தெரியவில்லை. "எனக்குச் சந்தோஷமா அது? மூணு நாளு சோறு எறங்கல. ஒருத்தனுக்கு வுட்டுக் குடுத்தா நாளைக்கு அல்லாரும் அஞ்சு ரூபா குடுப்பாங்க. அப்பால இல்லாதவன் ஒருத்தன் அந்த அஞ்சு ரூபாய்க்கு வெட்டுவான். பயைய கதைதான்."

"அந்த மூணு குழியும் பாபுவோட போச்சுங்களா?"

"எப்பிடிப் போவும்? முறை ஆளுக்கு இல்ல, வூட்டுக்கு. சாவி வாங்கறவன் அத்தையும் வாங்கறான். இன்னிக்கு உன் கடப்பாரையை அந்த வூட்டுக் கணக்குலயே வெச்சுக்கலாம், நீ வர்றதா இருந்தா."

இருதயசாமி திரும்பக் குழிக்குள் இறங்கினான். ஆள் மறைகிற ஆழம் வர மத்தியானம் மூன்று மணி ஆயிற்று. கடைசியில் வலது கை தானாக மேலே எழவில்லை. இடது கையால் அதைத் தூக்கிக் கடப்பாரையில் வைத்துக் குத்தினான். கரையில் இருந்தவர்கள் பார்த்தார்களா, பார்த்தும் பேசாமல் இருந்தார்களா, தெரியவில்லை.

கைகால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஒரே அறை, பின்னால் சமையல் கட்டு, மேலே ஓடு. சுவரைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்த, சூடான சுவர். சாணி மெழுகிய தரையில் ரோஸியின் முந்தானைத் துணிமேல் சகாயம் தூங்கினாள். அந்த உரசல் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான். சத்தம் இல்லை. வாய் மூடியிருந்தது. மூக்கால் மூச்சு விட்டாள்.

"ரெண்டு மணி நேரமா இப்பிடித் தூங்குதுய்யா," என்றாள் ரோஸி.

"இந்த வூட்டைப் பத்தித் தெரியுமா உனுக்கு?"

"தெரியும்."

வாசலில் லூர்தம்மாள் நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. "நான்தான் சொன்னேன். அறியாத பொண்ணு, அப்பால தெரிஞ்சா என்னைத்தான் திட்டும்." கொஞ்ச நேரம் நிலைப்படியைத் தடவிக்கொண்டிருந்தாள். "எங்க ஊட்டுக்காரரு அன்னிக்குக் கடப்பாரையை எடுத்தாரு. நான்தான் புடுங்கி வெச்சேன். எங்க மாமியார் செத்தப்ப பாபு முறை, அவன் வரல. அந்தக் கோவம் எனக்கு. பாபு பொண்டாட்டி கையால மண்ணு வாரினதை இதோ எங்க வூட்டுச் சன்னலண்டை நின்னுதான் பாத்தேன்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"இது நமக்கு ஆவாது ரோஸி," என்றான். "ஒருநாள் நின்னா வேலை பூடும். நிக்கலன்னா இங்க இப்பிடி."

"ஆவாதுன்னா? சைதாப்பேட்டைக்கா?"

அவன் கை மறுபடியும் சுவருக்குப் போயிற்று.

"நீ இல்லாத அன்னிக்கு நான் வெட்றேன்னு கேட்டுப் பாத்தேன். பொம்பள கை கணக்குல இல்லியாம்." அவள் பிள்ளையின் நெஞ்சில் கை வைத்தாள். கை சீராக ஏறி இறங்கியது. "கையை நீட்டிச் சாவிய வாங்குய்யா. மொதல்ல இது மூச்சு வுடட்டும்."

நாலு மணிக்கு அருளப்பனை அடக்கம் செய்தார்கள். இருதயசாமியும் மூன்று பிடி மண் போட்டான். நாட்டாமை மடியிலிருந்து சாவியை எடுத்து அவனிடம் கொடுத்தார். அடுத்த ஞாயிறு சாமான் கொண்டுவருவதாகப் பேச்சு.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நாட்டாமையே ரோடு வரைக்கும் கூட வந்தார். தெருக்கோடி வீட்டு வாசலில் ஒரு கயிற்றுக் கட்டில். அதில் ஒரு ஆள் சாய்ந்து கிடந்தார். இரண்டு காலும் வாழைத்தண்டு மாதிரி வீங்கி, தோல் மினுமினுத்தது.

"எங்க அண்ணன்," என்றார் நாட்டாமை. "ஆஸ்பத்திரியில இனிமே வூட்லயே வெச்சுக்கன்னுட்டாங்க."

கட்டிலில் இருந்தவர் கையை மெதுவாகத் தூக்கினார். "புது ஆளா? கொயந்தை குட்டியோட நல்லா இருப்பா."

"இருக்கட்டுங்க," என்றான் இருதயசாமி.

அவரைத் தாண்டி நாலு எட்டு வைக்கும்போதே மனசு விரல் விட்டு எண்ண ஆரம்பித்திருந்தது. இந்த வீக்கத்துக்கு எத்தனை நாள். ஒரு மாசம் போகுமா, போகாதா. ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். சனி ராத்திரி போனாலும் சரி, ஞாயிறு வெட்டிவிடலாம். மாதாவே, இந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமை சாகட்டும். சிலுவை போடக் கை எழுந்தது. வலது கை, நெஞ்சு வரைக்கும் வந்து அதற்குமேல் ஏறாமல் இறங்கிவிட்டது. பக்கத்தில் ரோஸி பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். சகாயம் தூக்கத்தில் ஒரு தடவை இருமினாள்.

ரோட்டில் பஸ்ஸின் தூசி தெரிந்தது. நாட்டாமை நின்றார்.

"இன்னிக்கு ஒண்ணு கயிஞ்சிச்சு," என்றார். "மறந்துடாதே."

"இல்லீங்க."

பாபு வைத்துவிட்டுப் போனதில் மீதி இரண்டு குழி. இருதயசாமி காலனிக்கு அந்த இரண்டு குழி கடன்பட்டிருந்தான்.