வெறும் வயிறு

எங்கள் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் என் வீட்டுக்காரர் சின்னராசாவைப் போல வீம்பு பிடித்த மனிதர் வேறு கிடையாது. எழுபது தாண்டியவர். நெஞ்சிலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் வீங்கிக் கிடக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்று பதுளை டொக்டர் சொன்னபோதும், "வெடிச்சா வெடிச்சிட்டுப் போவுது" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, கொழும்பில் ஒபரேசனுக்கு நாள் வாங்கினோம்.

முதல் நாள் ராத்திரியிலிருந்து வாயில் ஒன்றும் படக்கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால், இந்த வயதில் ஆள் தப்புவது கஷ்டமாம். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

காலையில் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். ஒபரேசன் அறை வாசலில் குனிந்து அவர் கையைப் பிடித்தேன். வாயில் பால்மா வாசம்.

"என்னத்தக் குடிச்சீங்க?"

"ஒன்னுமில்ல புள்ள. பக்கத்துக் கட்டில்காரரு இப்பதான் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாரு. வெறும் வயித்தோடதான் இருக்கேன்."

அடப்பாவி மனுசா! ஆனால் எங்கள் ஆட்களே அப்படித்தான். விடியுமுன் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடும்போது வாயில் ஊற்றிக்கொள்ளும் தேத்தண்ணியை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. விரதம் இருப்பவள்கூட அதைக் குடித்துவிட்டுத்தான் விரதம் என்பாள்.

நான் முகம் மாறியதைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"சொல்லிப்புடாத பாக்கியம். இன்னிக்கு விட்டா எப்ப கெடைக்குமோ. எனக்குச் சாகப் பயமா இருக்கு."

அத்தனை நாளும் சிரித்த மனிதர்.

மயக்க மருந்து டொக்டர் வந்தார். "ஐயா, ஏதாவது சாப்பிட்டீங்களா, குடிச்சீங்களா?"

"இல்லீங்க."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"பால் தேத்தண்ணி குடிச்சிருக்காருங்க. இப்பதான்."

வண்டியைத் திருப்பிவிட்டார்கள். காத்திருந்த வேறொருவரை உள்ளே கொண்டுபோனார்கள். எங்களுக்கு அடுத்த மாதம் நாள் குறித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ரயிலில் அவர் என்னோடு பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. எனக்கும் ரோஷம் வந்தது. "உசுரோட இருக்கீங்கல்ல, அதுக்குத்தான் சொன்னேன்!" என்று கத்தினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குறித்த நாள் வருவதற்குள், மலையூற்றுப் பீலியில் தண்ணீர் பிடிக்கக் குனிந்தவர் முதுகைப் பிடித்துக்கொண்டு அலறினார். ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பதுளைக்குப் பறந்தோம். தலையை என் மடியில் வைத்திருந்தேன். உடம்பெல்லாம் குளிர்ந்து வேர்த்தது. ஹாலிஎலை தாண்டும்போது கண்ணைத் திறந்தார்.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது உயிர் இல்லை.

நடந்ததை டொக்டரிடம் சொல்லி அழுதேன். "நீங்க செஞ்சதுதான் சரி அம்மா. அன்னைக்கு மயக்கத்திலேயே போயிருப்பாரு" என்று ஆறுதல் சொன்னார். துக்கத்துக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். சரிதான், நானும் ஆமாம் என்றேன்.

அன்றைக்கே போயிருந்தால், கடைசியாக என் கையைப் பிடித்துவிட்டுப் போயிருப்பார்.