ஆடாத வளையம்

வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த மூத்த மகளின் காதில், சித்தப்பாவின் குரல் மறுபடியும் விழுந்தது.

"குழாய அண்ணன்தான் வெட்டினாரு. வயசாயிடுச்சில்ல, கண்ணு சரியாத் தெரியல. அடி சமமா இல்ல. கான்கிரீட் ஊத்தினதும் குழாய் சாஞ்சு அவரு மேலயே விழுந்துடுச்சு."

கூடத்தின் நடுவில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். எழுந்து பதில் சொல்ல மாட்டார் என்றால் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் பேசலாம் போலிருக்கிறது. நரம்பில்லாத நாக்கு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே கான்கிரீட் ஊற்றித் தூண் வார்க்கும் அட்டைக் குழாயை வெட்டுவதில் அப்பா பொல்லாத பிடிவாதக்காரர். செய்தித்தாளைக் குழாயின்மேல் சுற்றி, ஓரத்தோடு ஓரம் பொருந்தும்வரை இழுத்து இழுத்துச் சரிசெய்வார். அதை ஒட்டிக் கோடு போடுவார். பிறகு குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிக்கொண்டே ரம்பத்தை ஓட்டி, ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிப்பார். "இதென்ன, சிலையா செதுக்குற?" என்று இதே வீட்டில் நின்று கத்திவிட்டுப் போனவர்தான் சித்தப்பா. வேலையை எடுத்து நடத்துபவர் அவர், எதற்கும் அவசரம். வாசல் கதவோரம் குடைகள் செருகியிருக்கும் வளையம்கூட அப்பா வெட்டி மிஞ்சிய துண்டுதான்.

"விடுடி. இன்னிக்கு வேணாம்" என்றாள் அம்மா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு.

"இன்னிக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் இதத்தாம்மா சொல்லுவாங்க."

அப்போதுதான் அப்பாவோடு வேலை செய்த கம்பி கட்டுகிறவர் வந்தார். ஒரு கையில் அப்பாவின் பை. இன்னொரு கையில் குழாயின் துண்டு ஒன்று.

"மிஞ்சினத எப்பவும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாரு... அதான் கொண்டாந்தேம்மா. விழுந்த குழாயில வெட்டினது."

அவள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கோடு போட்ட அடையாளமே இல்லை. ஒரு பக்கத்திலிருந்து பாதிவரை அறுத்து, புரட்டிப் போட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து மீதியை அறுத்திருந்தது. இரண்டு வெட்டும் சந்திக்கவில்லை. நடுவில் விரல் தடிமனுக்கு ஒரு படி நின்றது.

"இத யாரு வெட்டினது?"

கம்பி கட்டுகிறவர் சித்தப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் செருப்பைத் தேடுபவர்போல் குனிந்துகொண்டார்.

அவள் வாசலுக்குப் போய்க் குடைகளை உருவிச் சுவரில் சாய்த்தாள். அப்பாவின் வளையத்தைத் தூக்கி வந்து சித்தப்பாவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் வைத்தாள். அது அசையாமல் நின்றது. பக்கத்திலேயே மற்றதை, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.

டொக் என்று ஒருபக்கம் சாய்ந்தது. டொக் என்று மறுபக்கம் திரும்பியது.

உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாகூட அப்பாவின் முகத்திலிருந்து கண்ணை எடுத்து அதைத்தான் பார்த்தாள்.

சித்தப்பா மெதுவாகக் காலை நீட்டி அதை அழுத்திப் பிடித்தார். காலை எடுத்ததும், அது மறுபடியும் ஆடியது.