வீரமலைக்குப் புளிப்பு ஆகாது

கொழும்புத் துணிக்கடை கொடுத்த லீவு திங்கட்கிழமையோடு முடிகிறது. நிசாந்தினி ரயில் டிக்கட்டும் எடுத்தாயிற்று. எல்ல ஊர்ப் பக்கத்து ஹோட்டல் ஒன்று மாதம் இருநூறு போத்தல் ஊறுகாய் எடுக்கச் சம்மதித்தால், ரயிலை விட்டுவிட்டுச் சொந்த ஊர் ஹாலிஎலயிலேயே அம்மாவோடு ஊறுகாய் போடலாம். சம்மதிக்காவிட்டால், ஏற்கெனவே மடித்த சாரிகளை மறுபடி மடிக்கப் போக வேண்டியதுதான்.

ஹோட்டல் மனேஜர் செல்வரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். போனில் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"ஊறுகாயோட சின்ன வரலாறு ஒண்டும் வேணும், பிள்ளை. போத்தல்ல ஒரு அட்டை கட்டுவம்."

பக்கத்தில் நின்று கேட்ட அப்பா கணபதிக்கு அது போதும். தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டிச் செயலாளராக இருந்த காலத்தில், பதினைந்து பேர் வந்த கூட்டத்தை 'திரளான மக்கள்' என்று எழுதியவர் அவர்.

"நம்ம ஊறுகா கம்பனிக்கு வயசு பதினொன்னு. ஆறாம் வகுப்புப் புள்ள வயசு. வரலாறுன்னா பழசா இருக்கணும், பாப்பா."

சனிக்கிழமை காலைக்குள் கம்பனிக்கு நூற்றைம்பது வயதாகிவிட்டது. அவர் கட்டிய கதையில், கணபதியின் பூட்டன் இந்தியாவிலிருந்து தலையில் ஊறுகாய் ஜாடியோடு வந்து மன்னாரில் இறங்கினார். காட்டில் சிறுத்தை துரத்தியது. உயிரை விடத் தயாரானாரே தவிர ஜாடியை விடவில்லை. கடைசியில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரு துண்டை வாயில் போட்டுக் கண் கலங்கினார்.

"காரத்துல கலங்கியிருப்பாரு," என்றாள் அம்மா ஜெயலெட்சுமி, போத்தலைத் துடைத்துக்கொண்டே.

செல்வரத்தினம் வந்தார். ஒரு கரண்டி ருசி பார்த்தார். கேட்காமலே இன்னொரு கரண்டி எடுத்தார். நிசாந்தினி அடுக்களையில் நின்று அதை எண்ணினாள். அந்நேரம் பார்த்து அப்பா வரலாற்றை ஆரம்பித்தார். சிறுத்தை வந்ததும் மனேஜர் மணிக்கூட்டைப் பார்த்தார். துரை கண் கலங்கியதும் போத்தலை மூடினார்.

"நல்ல ருசி, ஐயா. ஆனா எங்கட காலைச் சாப்பாட்டு மேசையில ஜாம், தேன், தேயிலை எல்லாத்துக்கும் நூற்றைம்பது வருசம். போன மாசம் ஒரு வெள்ளைக்காரர் எல்லாத்தையும் கூட்டிப் பாத்திட்டு, மேசைக்கு நானூற்றைம்பது வயசு எண்டார். யோசிச்சுச் சொல்லுறன்."

நாற்பது சாரி விரித்துக் காட்டிய பிறகு வாடிக்கையாளர்கள் சொல்லும் அதே வசனம். நிசாந்தினிக்கு அதன் பொருள் நன்றாகத் தெரியும்.

அவர் செருப்பு மாட்டும்போது வாசலில் மூக்காயி வந்து நின்றாள். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள். புதிதாகப் போடும் ஊறுகாயில் வருடா வருடம் முதல் போத்தல் அவளுக்குத்தான்.

"ஊறுகாய்க்கா வந்தீங்க, ஐயா? வாங்கிக்கங்க. எங்க வீட்டுக்காரரு செத்ததால வந்த ஊறுகா."

கணபதி இருமினார். "அந்தம்மாவுக்கு வயசாச்சு. அது சும்மா..."

"உண்மதான் சேர்," என்றாள் நிசாந்தினி. அப்பா முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாள். நடந்ததைச் சொன்னாள்.

மூக்காயியின் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில்தான் பதினொரு வருடத்துக்கு முன் இவர்களும் இருந்தார்கள். பக்கத்துத் தோட்டம் அம்மனுக்கு ஆயிரம் எலுமிச்சங்காயில் மாலை போட்டதென்று கேள்விப்பட்ட கணபதி, திருவிழாவுக்கு மூவாயிரம் காய் இறக்கினார். கொடியேற்றத்தன்று விடியற்காலை மூக்காயியின் புருஷன் வீரமலை செத்துப்போனார். லயத்தில் சாவு விழுந்தால் தீட்டு. திருவிழா தள்ளிப்போயிற்று, காய் பழுக்க ஆரம்பித்தது. ஜெயலெட்சுமி மொத்தத்தையும் வெட்டி உப்பில் போட்டாள். பதின்மூன்று வயது நிசாந்தினியின் விரலெல்லாம் எரிந்தது. ஊர் வரியில் வாங்கிய காயை விற்க முடியுமா? வீட்டுக்கொரு போத்தல் சும்மா கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் எல்லா வீடும் வெறும் போத்தலோடு திரும்பி வந்தது, இந்தத் தடவை காசோடு.

செல்வரத்தினம் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி கதிரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, உங்கட மனுசனுக்கு ஊறுகாய் எண்டால் விருப்பமோ?"

"அவருக்குப் புளிப்பே ஆகாது," என்றாள் மூக்காயி.

மனேஜர் சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த மாசம் இருநூறு போத்தல் அனுப்புங்கோ. அட்டையில இதத்தான் எழுதவேணும். அம்மாவுக்குச் சம்மதமெண்டால்."

"போடுங்க. பேர முழுசாப் போடுங்க. பெருமாள் வீரமலை."

"சிறுத்தைய மட்டும் ஒரு ஓரமா..." என்றார் கணபதி.

ஜெயலெட்சுமி அவர் கையில் போத்தல் துடைக்கும் துணியைக் கொடுத்தாள்.

நிசாந்தினி எழுதக் கடதாசி தேடினாள். கைப்பையில் அகப்பட்டது ரயில் டிக்கட்தான். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. 'பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை' என்று எழுதி, சத்தமாக வாசித்தாள்.

"செவ்வாக்கெழம," என்றாள் மூக்காயி. "புதன்கெழமதான் அவர எடுத்தோம்."

நிசாந்தினி புதனை வெட்டிவிட்டு, திருத்தி எழுதினாள்.