பன்னிரண்டாம் நாள்

புரூக்ளின் எட்டாவது அவென்யூவில் பதினோரு வருடம் அடுத்தவர் நகத்துக்குச் சாயம் பூசியவள் சியூஜின். ஃபூச்சோ என்ற சீன வழக்கு பேசத் தெரிந்த சுகாதாரப் பணியாளர் வேண்டும் என்று கிளினிக்கில் கேட்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்தாள். ஆறு வாரப் பயிற்சி முடிந்து இன்றுதான் முதல் வீடு.

மேற்பார்வைக்கு வந்த நர்ஸ் ஜானிஸ் மோய்க்கு இன்னொரு சீன வழக்கான கான்டனீஸ் தெரியும். ஃபூச்சோவில் ஒரு வார்த்தை வராது. பிள்ளை பெற்ற அறைக்குள் வெளியாள் ஒருத்திக்கு மேல் விடமாட்டேன் என்று லுவோ அத்தை சொல்லிவிட்டதால், ஜானிஸ் மாடிப்படியிலேயே நின்றாள்; சியூஜின் மட்டும் உள்ளே போனாள். லுவோ அத்தை பேறுகாலம் பார்க்கக் கூலிக்கு வந்தவள்தான். ஆனாலும் பிள்ளை பெற்றவள் வாசல் தாண்டாமல் கிடக்கும் அந்த ஒரு மாதம் அவள் வைத்ததுதான் சட்டம்.

காற்று புகாமல் ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டியிருந்தது. யுன்ஃபாங் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். சியூஜின் அளந்து பார்த்தாள்: ரத்த அழுத்தம் நூற்று எழுபத்திரண்டு.

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்," என்றாள் சியூஜின், அத்தையிடமும் யுன்ஃபாங்கின் கணவனிடமும்.

"மாசம் முடியட்டும். இப்ப வாசல் தாண்டினா காத்து எலும்புக்குள்ள பூந்துக்கும். ஆயுசுக்கும் தலைவலி. யாரு பாத்துப்பா, நீயா?" என்றாள் அத்தை.

ஆபத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள் என்று பயிற்சியில் மண்டையில் ஏற்றியிருந்தார்கள். சியூஜினும் சொன்னாள்.

"போகலைன்னா செத்துப்போயிடுவா."

பச்சைப்பிள்ளை கிடக்கும் அறையில் அந்தச் சொல்! அத்தை சூப்புக் கரண்டியோடு எழுந்தாள்.

"வாயக் கழுவுடி! நீயும் எங்க சாங்லெ ஊர்க்காரிதானே? உங்கம்மா இதையா சொல்லிக்கொடுத்தா?"

கணவன் சியூஜினை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

படியில் ஜானிஸ் படிவத்தை நீட்டினாள். "நோயாளி மறுத்தார்னு டிக் பண்ணு, கிளம்பலாம். இன்னும் மூணு வீடு இருக்கு. கையப் பிடிச்சு இழுத்துட்டா போக முடியும்?"

"நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

"அதுக்கு இதுல கட்டம் இல்ல."

சியூஜினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு டிக் போட்டால் கிளினிக்குக்குக் கை சுத்தம். உள்ளே இருப்பவள் எக்கேடோ கெடட்டும். அதைவிட எரிச்சல் தன் மேலேயே. அந்தச் சொல்லை அந்த அறையில் சொல்லக்கூடாது என்று பிறந்ததிலிருந்தே அவளுக்குத் தெரியும். ஆறே வாரத்தில் அது எங்கே போனது?

திறக்கும்வரை கதவைத் தட்டினாள். திறந்ததும் வாசலிலேயே மூன்று முறை தூ, தூ, தூ என்று துப்பினாள்.

"சொன்ன சொல்லு என்னோட போகட்டும். அத்தை, கம்பளித் தொப்பி, ரெண்டு ஜோடி சாக்ஸ், தடிச்ச கோட்டு எடுங்க. வண்டி வாசல்லயே வந்து நிக்கும். வெந்நீர் பிளாஸ்க்கும் கூட வரட்டும். அங்க எவளாவது ஐஸ் தண்ணி நீட்டினா நானே தட்டி விடறேன்."

"பன்னெண்டாம் நாள்ல எவளும்..." என்று அத்தை இழுத்தாள்.

"தம்பி, நீ என்னதான் சொல்றே?" என்று சியூஜின் கணவன் பக்கம் திரும்பினாள்.

அவன் அத்தையின் முகத்தைப் பார்த்தான். "அத்தை சொன்னா சரி."

"அவளுக்குப் புருஷன் நீயா, அத்தையா? வாயத் திறந்து ஒரு வார்த்தை..."

"நிறுத்துங்க!"

யுன்ஃபாங் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"காலைலேர்ந்து கண்ணு மங்குது, தலை பொளக்குது. என்னைக் கிடத்தி வெச்சுக்கிட்டு ஆளாளுக்குச் சண்டை போடறீங்க. வரியான்னு என்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா? நீயும்தான் கேக்கல, அக்கா."

சியூஜினுக்கு முகம் எரிந்தது. உண்மைதான், கேட்கவில்லை.

"வரியா, யுன்ஃபாங்?"

"கோட்டைக் குடு."