கனடாக் காய்ச்சல்

யதுர்ஷிகா மெலிந்துகொண்டு போனாள். ஏன் என்பதில் முரசுமோட்டையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பதிவாளர் முன்னால் கலியாண எழுத்து முடிந்து இரண்டு வருஷம். மாப்பிள்ளை ரஜிதன் கனடாவில். விசா இந்தா வருகுது, அந்தா வருகுது என்று இழுபடுகிறது. இப்படி இருக்கிற பிள்ளை மெலியாமல் கொழுக்குமா? ஒழுங்கைப் பெண்கள் அதற்குக் கனடாக் காய்ச்சல் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். மருத்துவம் படிக்காதவர்களுக்கு ஒரு நோய்க்குப் பெயர் வைக்க அரை நிமிஷம் காணும்.

சொன்னால் வெட்கம்தான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. ஒருவனை நினைத்து உருகுகிறாள் என்று ஊரே சொல்வதில் ஒரு பெருமை இருந்தது. பொய்யும் இல்லையே. அவள் உருகத்தான் செய்தாள். எழுத்துக்கென்று வந்தவன் இருபத்தொரு நாள் நின்றான். தாலிகட்டு, விசா வந்த பிறகுதான் என்று பெரியவர்கள் முடிவு கட்டியதால், அந்த இருபத்தொரு நாளும் இருவருக்கும் நடுவில் யாராவது ஒருவர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரேயொரு பின்னேரம் இரணைமடு அணைக்கட்டில், கூட வந்தவர்கள் வான்கதவைப் பார்க்க முன்னால் போய்விட, அவன் அவளுடைய கையைப் பிடித்தான். விரல்களை அல்ல, மணிக்கட்டை. காற்றுக்கு அவள் பறந்துவிடுவாள் என்று பயந்தவன் மாதிரிப் பிடித்திருந்தான். அதன்பிறகு இரண்டு வருஷமாக அவனைத் தொலைபேசியின் கண்ணாடியில்தான் பார்க்கிறாள். அந்தக் கை வேண்டும், அந்தப் பிடி வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் அவளுக்கு இருந்தது.

யதுர்ஷிகா தையற்காரி. வீட்டு முன்னறையில் இரண்டு மெசின். பரந்தன் சந்தியிலிருந்தும் ஆட்கள் சாறிச் சட்டை தைக்க அவளிடம் வருவார்கள். ஐப்பசியில் ஒருநாள், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுக்கும்போது விரலில் ஏதோ தட்டியது. இடப்பக்கம், காறையெலும்புக்குக் கொஞ்சம் மேலே, தோலுக்குக் கீழே ஒரு கடலை அளவு. அழுத்திப் பார்த்தாள். நோகவில்லை.

“நெறி கட்டியிருக்கு,” என்றாள் அம்மா இலட்சுமி, தொட்டுப் பார்த்துவிட்டு. “எங்கையும் புண் கிண் கிடக்கே?”

“இல்லையம்மா.”

“நோகுதே?”

“இல்லை.”

“நோகாட்டி விடு. தன்பாட்டில வத்திப்போம்.”

அது வற்றவில்லை. கார்த்திகையில் பரந்தனில் ஒரு தனியார் டொக்டரிடம் போனாள். அவர் தொண்டைக்குள் லைட் அடித்துப் பார்த்து, ஐந்து நாளைக்குக் குளிசை எழுதினார். மெலிவதைப் பற்றியும் சொன்னாள். கால் இரண்டும் இரவில் ஒரே கடி, சொறிந்து சொறிந்து தோலே போகுது என்றும் சொன்னாள்.

“வீட்டுக்காரர் எங்க, தங்கச்சி?”

“கனடாவில.”

“அப்ப மருந்து அங்கதானே இருக்கு,” என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இரண்டு மாதம் வீணாய்ப் போனது.

மார்கழியில் வேர்வை தொடங்கியது. வன்னியில் வேர்ப்பது ஒரு புதினமா என்று கேட்கலாம். மார்கழியில் புதினந்தான். அம்மா பெட்ஷீற்றைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு கிடக்கிற அந்தக் குளிரில், விடிய எழும்பினால் யதுர்ஷிகாவின் சட்டையைப் பிழியலாம். தலையணையை வெயிலில் காயப்போடுவது தினப்படி வேலையாகிவிட்டது. பின்னேரங்களில் உடம்பு லேசாகச் சுடும். அதையும் அவள் கனடாக் காய்ச்சலின் கணக்கில்தான் போட்டுவைத்தாள். கனவில் அவன் வருகிறானே, அதனால்தான் வேர்க்கிறது என்று தனக்குத்தானே விளக்கமும் சொன்னாள். இருபத்தாறு வயதில் இந்தப் புத்தி. யாரைக் குறை சொல்ல?

கட்டி நெல்லிக்காய் அளவு வந்தபோது அதை ரஜிதனுக்குக் காட்டவில்லை. முதலில் வெட்கத்தில் மறைத்தாள், பிறகு பயத்தில். வீடியோவில் கதைப்பதைக் குறைத்தாள். சிக்னல் இல்லை, மெசினில் வேலை கிடக்கு, தலையிடி என்று ஒவ்வொரு நாளும் ஒரு பொய். கதைத்து முடித்த பிறகு, இன்னும் ஐந்து நிமிஷம் கதைத்திருக்கலாமே என்று கிடந்து தவிப்பாள்.

தை பிறந்து, தாலிகட்டுக்கென்று தானே தைத்து வைத்திருந்த கூறைச் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். ஏற்கெனவே இரண்டுமுறை பிடித்துத் தைத்த சட்டை. மறுபடியும் தொளதொளத்தது. அதில் அதிசயமில்லை. ஆனால் கழுத்து? துணியை இரண்டாக மடித்து ஒரே வெட்டில் வெட்டியது அது. இரண்டு பக்கமும் ஒரேமாதிரித்தான் இருக்கும். இப்போது வலப்பக்கம் படிந்திருக்க, இடப்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

அளவுக் கொப்பியை எடுத்து, தன் பெயர் போட்ட பக்கத்தைத் திருப்பினாள். ஆவணியில் இடுப்பு இருபத்தொன்பது. கார்த்திகையில் இருபத்தேழரை. நாடாவைச் சுற்றிப் பார்த்தாள். இருபத்தைந்தரை. எத்தனையோ பெண்களுடைய அளவுகள் அந்தக் கொப்பியில் கிடக்கின்றன. பிள்ளை பெற்றவர்கள், புருஷனைப் பறிகொடுத்தவர்கள், காணாமல் போன மகனைத் தேடித் தேடி நடக்கிறவர்கள். ஏக்கத்துக்கு ஊரில் பஞ்சமே இல்லை. ஆனால் ஒருத்தியும் ஐந்து மாதத்தில் மூன்றரை அங்குலம் குறைந்ததாக அதில் இல்லை. அதைவிட, ஏக்கம் என்றால் இரண்டு பக்கமும்தானே மெலிய வேண்டும்? ஒரு பக்கம் மட்டும் எதற்கு வீங்குகிறது?

இருபத்தைந்தரை என்று எழுதித் திகதியும் போட்டாள். அவனை நினைத்து மெலிந்தேன் என்று இருந்த பெருமையெல்லாம் ஒரு நொடியில் போனது. அது போனதற்குக்கூட அவளுக்கு அழுகை வந்தது.

அந்தக் கிழமை சட்டை வாங்க வந்த சுமித்திரா, ஆஸ்பத்திரித் தாதி, ஊருக்கு மிஸி. யதுர்ஷிகா கழுத்தைக் காட்டினாள்.

“நோகுதோ?”

“இல்லை, அக்கா. அதுதான் ஒண்டுமில்லையாம்.”

சுமித்திராவின் முகம் மாறியது. “அப்பிடிச் சொல்லாதையும். நோகாமல் வளருற கட்டியைத்தான் கட்டாயம் காட்டவேணும். ரெண்டு கிழமைக்கு மேல நிண்டால் சும்மா விடக்கூடாது.”

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அம்மாவின் கணக்கு வேறு. “விசாவுக்கு உடம்பு சோதிக்கிற மெடிக்கலுக்கு இண்டைக்கோ நாளைக்கோ கூப்பிடப்போறாங்கள். அதுக்குள்ள கழுத்தைக் கிண்டி ஒரு வருத்தத்தைக் கண்டுபிடிச்சால் விசாவே இல்லாமல் போயிடும். முதல் அங்க போய்ச் சேர், பிள்ளை. அங்க வைத்தியம் எல்லாம் சும்மாதானே. அங்க போய் ஆறுதலாக் காட்டு. நான் வற்றாப்பளை அம்மனுக்கு நேந்திருக்கிறன்.”

ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு. சாப்பிடுவதும் சிரிப்பதும் அங்கே, நோயும்கூட அங்கேதான் வரவேண்டும்.

யதுர்ஷிகா பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். கட்டியில் மெல்லிய ஊசியால் குத்தி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். காசநோயாக இருக்குமோ என்று சளியும் சோதித்தார்கள். கிளினிக் நாளன்று முடிவைப் பார்த்த டொக்டர் களைத்துப் போயிருந்தார். வெளியே இன்னும் அறுபது பேராவது நின்றார்கள்.

“கசம் இல்லை. ஊசியிலையும் பிழையா ஒண்டும் காட்டேல்லை. பயப்பிடாதேங்கோ. நல்லாச் சாப்பிடுங்கோ.”

அவள் எழும்பினாள். வாசல்வரை போனாள். ஒன்றுமில்லை என்று டொக்டரே சொல்லிவிட்டார். இனி மெடிக்கலுக்கு நிம்மதியாகப் போகலாம், அவனிடம் போகலாம். அந்தச் சொல்லை நம்ப அவளுக்கு எவ்வளவு ஆசை! அடுத்த ஆளின் பெயரைக்கூடக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் திரும்பி வந்தாள்.

“டொக்டர், ஒரு நிமிஷம். ஒண்டுமில்லை எண்டால், அப்ப இது என்ன?”

அளவுக் கொப்பியை விரித்து மேசையில் வைத்தாள். இடுப்பின் அளவுகள். நூலால் சுற்றி எடுத்த கட்டியின் அளவு, கிழமைக்கு ஒன்று. தை மாதத்தில் சட்டை நனைந்த விடியல்கள் இருபத்திரண்டு. காய்ச்சல் காய்ந்த பின்னேரங்கள் எந்தெந்த நாள் என்பது.

“இதையெல்லாம் ஆர் எழுதச் சொன்னது?”

“ஒருத்தரும் இல்லை. நான் தையற்காரி, டொக்டர். எனக்கு அளக்கத்தான் தெரியும். எல்லாரும் அவரை நினைச்சு மெலியிறன் எண்டு சொல்லீனம். நினைக்கிறன்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் இது அதில்லை.” கட்டியின் அளவுகள் மேல் விரலை வைத்தாள். “ஊசியில தெரியாமல் போற வருத்தமும் இருக்கோ? இருந்தால் அதுக்கு என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ. செய்யிறன்.”

டொக்டர் அவளை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். கட்டிலில் படுக்கச் சொன்னார். கமக்கட்டுகள், இடுப்பின் மடிப்பு, இடது விலாவின் கீழ் என்று அழுத்திப் பார்த்தார். நேரம் எடுத்தார்.

“இருக்கு,” என்றார். “கட்டியை முழுசா வெட்டியெடுத்துப் பாத்தால்தான் சில வருத்தம் தெரியும். வாற வெள்ளிக்கிழமை வாறீங்களோ?”

புதன்கிழமை ரஜிதன் அழைத்தான். மெடிக்கலுக்கான கடிதம் வந்துவிட்டதாம். முப்பது நாளுக்குள் கொழும்புக்குப் போய்ச் செய்ய வேண்டுமாம். சொல்லும்போதே அவனுக்குக் குரல் துள்ளியது. “இனி என்ன, நீர் வந்த மாதிரித்தான்!” படம் தெரியாத பக்கமாக நின்ற அம்மா, சொல்லாதே என்று தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். யதுர்ஷிகா சொல்லவில்லை. சந்தோஷம் என்றாள். 

வெள்ளி விடிய அவள் ஸ்கூட்டியை வெளியே எடுத்தாள். “வெட்டின அடையாளத்தை அங்க கேட்டால் என்ன சொல்லுவாய்?” என்றாள் அம்மா.

“உண்மையைத்தான் சொல்லுவன். அம்மா, நான் போய்ச் சேர்ந்து அவருக்கு என்னத்தைக் குடுக்கிறது? வருத்தத்தையோ?”

அம்மா உள்ளே போய்ச் சாறி மாற்றிக்கொண்டு வந்து பின்னால் ஏறினாள்.

முடிவு பங்குனியில் வந்தது. லிம்போமா. நிணநீர்க் கணுக்களில் வருகிற புற்றுநோய் என்று டொக்டர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் மருந்து ஏற்ற வேண்டும். “இந்த வகை பெரும்பாலும் சுகமாகிறது. நீங்களும் வேளைக்கு வந்திட்டீங்கள்,” என்றார். பிறகு, “அண்டைக்குத் திரும்பி வந்தது நல்லதாப் போச்சு,” என்று அவளைப் பார்க்காமல் சொன்னார்.

அன்று பின்னேரம், அங்கே விடிந்திருக்கும் நேரம் பார்த்து, அவளே ரஜிதனை அழைத்தாள். வேலைக்குப் போக வெளிக்கிட்டு நின்றான். பஸ்ஸில் வழி முழுக்கப் பாடமாக்கி வந்ததை ஒப்பித்தாள். கட்டி, வெட்டினது, பெயர், ஆறு மாதம். விசா பிந்தும் என்பதையும் சொன்னாள்.

அவன் தோள்பையைக் கழற்றி வைத்தான்.

“எப்ப தொடங்கினது?”

“ஐப்பசியில.”

“ஐப்பசியிலயோ?” அவன் கட்டிலில் இருந்துவிட்டான். “நான் என்ன நினைச்சனான் தெரியுமே? ரெண்டு கதை கதைக்க முதல் போனை வைப்பீர். உமக்கு என்னில விருப்பம் விட்டுப்போச்சு எண்டு. கடிதம் வந்த அண்டைக்கும் உம்மட முகத்தில சந்தோஷம் இல்லை. எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமல் நிக்கிறீர் எண்டு நினைச்சனான்.”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை மாதம் இவள் இங்கே தவிக்க, அவன் அங்கே தவிக்க! இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிய இலட்சணம் இதுதான்.

அவன் அவசரமாகக் கதைக்கத் தொடங்கினான். தெரிந்த டொக்டர் ஒருவரைக் கேட்கிறேன், விசா எங்கே போகப்போகிறது, நல்லாச் சாப்பிடும், யோசிக்கவேண்டாம். “எல்லாம் சுகமாகட்டும். வருசக் கடைசியில லீவு எடுத்துக்கொண்டு வாறன். தாலிகட்டைப் பெரிசாச் செய்வம்.”

வெளிநாட்டில் இருப்பவனை வா என்று கேட்கக்கூடாது. வேலை போகும், எல்லாம் குழம்பும். இரண்டு வருஷமாக அவளுக்குச் சொல்லித் தந்த பாடம் அதுதான். சரி என்று சொல்லத்தான் வாய் பழகியிருந்தது.

“இல்லை,” என்றாள் யதுர்ஷிகா. “தாலிகட்டுக்கு இல்லை. இப்ப வாங்கோ. எனக்கு மருந்து ஏத்தேக்க நீங்கள் பக்கத்தில இருக்கவேணும்.”

அவன் கண்களைத் துடைத்தான். பெருமூச்சு ஒன்று கேட்டது. போகட்டும், முடியாது என்றால் முடியாது என்றே சொல்லட்டும், தான் கேட்டாயிற்று என்று அவள் இருந்தாள்.

“எப்ப முதல் மருந்து?”

“அடுத்த கிழமை விட்டு, அதுக்கடுத்த செவ்வாய்.”

“அப்ப திங்கள் அங்க நிப்பன்,” என்றான் ரஜிதன்.